பழைய ஸ்விஃப்டுக்கு சூப்பர்சார்ஜரா டர்போவா? இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன்

இரண்டுமே இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணித்துப் பவரைக் கூட்டுகிற சாமான்கள்: சூப்பர்சார்ஜர் இன்ஜினின் பெல்ட்டில் சுற்றும், டர்போ வெளியே போகிற புகையில் சுற்றும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்தது சூப்பர்சார்ஜர்தான். பவர் அதிகம் என்பதால் இல்லை. நான் ஓட்டிய இரண்டில் டர்போ வண்டிதான் வேகம், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காரைக்குடியில் இருந்துகொண்டு, முன் சக்கரம் இழுக்கிற ஒரு சின்ன காரில் ஆத்தாவைப் பின் சீட்டில் வைத்து ஓட்டுகிறவனுக்கு, பவர் எவ்வளவு என்பதைவிட அது எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதுதான் கணக்கு.

என்னிடம் இருப்பது அப்பச்சி 2007-ல் வாங்கிய ஸ்விஃப்ட் பெட்ரோல். 1298 சிசி, 87 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது, விற்க மனசும் வராது. டவுனுக்குள் ஒரு குறையும் இல்லை. திருமயம் ரோட்டில் கல் லாரியையோ தனியார் பஸ்ஸையோ முந்தும்போதுதான் மூன்றாவது கியருக்கு இறக்கி, ஏசியை அணைத்து, பிள்ளையாரப்பனை நினைத்துக்கொண்டு மிதிக்க வேண்டியிருக்கிறது. இந்த இன்ஜினுக்கு மூச்சு வருவதே 4000 ஆர்பிஎம்முக்கு மேலேதான். அந்த ஒரு இடத்துக்குத்தான் எனக்கு மருந்து வேண்டும்.

தேவகோட்டையில் இருக்கும் என் அம்மான் மகனிடம் அதே 1.3 ஸ்விஃப்ட், அதில் சூப்பர்சார்ஜர். திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவனிடமும் அதே வண்டி, அதில் டர்போ. ஒரே மாதிரி இன்ஜினில் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டிப் பார்க்க அமைவது அபூர்வம். அம்மான் மகன் ஊருக்குப் போயிருந்தபோது அவன் வண்டியைப் பதினோரு நாள் வைத்திருந்தேன், மற்றதை ஒரு சனி ஞாயிறு.

சூப்பர்சார்ஜர் வந்த கதை முதலில். அம்மான் மகன் மலேசியாவில் கிள்ளானில் ஏழு வருஷம் வேலை பார்த்தவன். அங்கே ஹாஃப்கட் கடைகள் உண்டு, ஜப்பானில் ஓடி முடித்த கார்களைப் பாதியாக வெட்டி, முன்பாதியை இன்ஜினோடு கொண்டுவந்து பாகம் பாகமாக விற்பார்கள். அப்படி ஒரு கடையில் மினி கூப்பர் எஸ் வண்டியில் இருந்து கழற்றிய ஈட்டன் எம்45 சூப்பர்சார்ஜர் ஒன்றை வாங்கி, ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டு எடுத்து வந்துவிட்டான். அந்தத் தடவை மைலோ டின் வரவில்லை, வீட்டில் எல்லோருக்கும் கோபம்.

எம்45 என்றால் ஒரு சுற்றுக்கு 45 கன அங்குலம் காற்றைத் தள்ளும் என்று அர்த்தம், அதாவது சுமார் 740 சிசி. ஸ்விஃப்ட் இன்ஜின் தன் ஒரு சுற்றுக்குக் குடிக்கும் காற்று 1298-ல் பாதி, 650 சிசி. ஆகவே இன்ஜின் ஒரு சுற்று சுற்றும்போது சூப்பர்சார்ஜர் ஒன்றேகால் சுற்று சுற்றினால் வெளிக்காற்றைப்போல 1.4 மடங்கு அழுத்தம் கிடைக்கும், அந்தக் கூடுதல் அழுத்தத்துக்குத்தான் பூஸ்ட் என்று பெயர், இங்கே கிட்டத்தட்ட 6 பிஎஸ்ஐ. பெரிய இன்ஜின் உள்ள 1.6 லிட்டர் மினியில் இது இன்ஜினைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றும். அந்தச் சின்ன புல்லியை அப்படியே ஸ்விஃப்டில் மாட்டினால் பிஸ்டன் தாங்காது. அதனால் அவன் காரைக்குடி லேத் பட்டறை ஒன்றில் பெரிய புல்லி கடைந்து, பிராக்கெட் செய்து, இன்னொரு ஆறு மாதம் உட்கார்ந்து பொருத்தினான். மினியில் தண்ணீர் பம்ப்பையே இந்த சூப்பர்சார்ஜர்தான் சுற்றும், அந்த கியர் பக்கம் இங்கே வேண்டியதில்லை, அதை அடைக்க ஒரு தகடு. இரண்டு முனையிலும் கியருக்குத் தனித்தனியாகக் கொஞ்சம் எண்ணெய் இருக்கும், பழைய சாமான் வாங்குகிறவர்கள் அதை மாற்றாமல் மாட்டினால் கொஞ்ச நாளில் கரகர என்று சத்தம் வரும். அப்புறம் பெரிய இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப், எல்லாவற்றையும் ஆட்ட இசியூ என்கிற ஒரு தனி கம்ப்யூட்டர். மொத்தம் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம் ஆனது என்று வெளியில் சொல்கிறான், வீட்டில் வேறு கணக்கு.

ஓட்டினால் எப்படி இருக்கிறது? ஒரு வார்த்தையில், 1.3 வண்டி 1.8 வண்டி ஆன மாதிரி. வேறு எந்த வித்தியாசமும் தெரியாது, அதுதான் அதன் அழகு. பெல்ட்டில் சுற்றுவதால் இன்ஜின் எப்போது சுற்றுகிறதோ அப்போதே காற்றும் வருகிறது. 1800-ல் மிதித்தாலும் உடனே இழுக்கிறது, கால் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் வண்டி போகிறது, தூக்கினால் நிற்கிறது. மூன்றாவது கியரில் அறுபதில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்க்கொண்டே இருந்து, எதிரே ரோடு காலியான அந்த நிமிஷம் கியரைத் தொடாமல் வெளியே வந்து, முந்தி, திரும்ப உள்ளே வரலாம். முதல் நாள் இப்படி மூன்று பஸ்ஸை முந்தியபிறகுதான் ஏசி ஓடிக்கொண்டிருக்கிறது என்பதே நினைவுக்கு வந்தது.

சத்தம் ஒன்று உண்டு. மிதிக்கும்போது ஒரு மெல்லிய ஊளை, உயர உயரப் போகும். எனக்குச் சங்கீதம். ஆத்தா புதுக்கோட்டை வரை ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டு, இறங்கும்போது கேட்டது: “என்னப்பு, மாவு மிஷினுக்குள்ள உக்காந்து வந்த மாதிரியில இருக்கு, வண்டி ரிப்பேரா?”

இதன் கெட்ட குணம் சூடு. எம்45 மாதிரியான ரூட்ஸ் வகை ப்ளோவர் காற்றை உள்ளே வைத்து அழுத்துவதில்லை, தள்ளிக்கொண்டு போய் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டில் திணிக்கிறது, அதில் சூடு நிறைய வரும். நம் ஊர் சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்று உள்ளே போனால் 1.4 மடங்கு அழுத்தத்தில் 90-ஐத் தாண்டி வெளியே வருகிறது. அவன் டேஷ்போர்டில் ஒட்டியிருக்கும் மீட்டரில் பார்த்துக்கொண்டேதான் போனேன். மினியில் இதற்காகவே இன்ஜின் மேல் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரை வைத்து பானெட்டில் காற்றுக்கு ஒரு வாய் வெட்டியிருப்பார்கள். இவன் வண்டியில் இன்டர்கூலர் வைக்க இடமில்லை. சூடு ஏறினால், பெட்ரோல் தாறுமாறாகப் பற்றிக்கொள்ளும் நாக்கிங் வராமல் இருக்க, இசியூ தீப்பொறி விடும் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துவிடுகிறது, பவர் குறைந்துபோகிறது. அதாவது சதுர்த்தி சமயத்தில் பிள்ளையார்பட்டி நெரிசலில் அரை மணி ஊர்ந்துவிட்டு ஹைவேயில் ஏறினால், முதல் ஐந்து நிமிஷம் சாதா ஸ்விஃப்ட்தான். தவிர பெல்ட்டைச் சுற்றவே இன்ஜின் ஒரு பங்கு பவரைச் செலவழிக்கிறது, மைலேஜ் எனக்கு 14 கிடைக்கும் ரோட்டில் அவனுக்கு 11. இன்னொன்று, நம் செம்மண் தூசி. காட்டுவதற்கு அழகாக ஒரு திறந்த கூம்பு ஃபில்டர் மாட்டியிருந்தான், ஒரு வருஷத்தில் கழற்றிப் பார்த்தால் ரோட்டார் மேல் பூச்சில் கோடு கோடாகக் கீறல். இப்போது கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியையே திரும்ப மாட்டிவிட்டான். செட்டிநாட்டில் கூம்பு ஃபில்டர் போடுகிறவர்கள் இதைப் படித்தால் நாளைக்கே கழற்றுங்கள்.

சரி, டர்போவுக்கு வருகிறேன்.

திருச்சி நண்பன் தானே செய்யவில்லை, ஒரு பெரிய ஊரில் இருக்கும் டியூனிங் கராஜில் கொடுத்து இரண்டு லட்சத்து அறுபதாயிரத்துக்குச் செய்துகொண்டான். பெயர் வேண்டாம். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை வெல்டிங் செய்து, முன் பம்பருக்குப் பின்னால் இன்டர்கூலர் வைத்து, பார்வைக்கு வேலை சுத்தம். மாட்டிய டர்போ ஏதோ இரண்டரை லிட்டர் டீசல் வண்டியுடையது. இங்கேதான் கோளாறு. டீசல் புகையைவிடப் பெட்ரோல் புகை சூடு அதிகம், முழு மிதியில் 900 டிகிரிக்கு மேல் போகும், டீசலுக்கென்று செய்த டர்போவுக்கு அது பழக்கமில்லை. இரண்டாவது, 1.3 லிட்டர் இன்ஜின் விடுகிற புகை அந்தப் பெரிய சக்கரத்தைச் சுழற்றப் பத்தாது.

விளைவு எப்படி என்றால், 3000 வரை ஒன்றும் இல்லை. உண்மையாகவே ஒன்றும் இல்லை, என் சாதா வண்டியைவிட மந்தம். 3500-ல் ஒரு பெருமூச்சு விட்டுக்கொண்டு மொத்தமும் ஒரே நேரத்தில் வருகிறது. “மாப்ளே, ஸ்டியரிங்கைக் கெட்டியாப் பிடிச்சுக்க” என்று முன்கூட்டியே சொன்னான், நான் விளையாட்டுக்கு என்று நினைத்தேன். இரண்டாவது கியரில் பூஸ்ட் வந்த கணம் வண்டி வலது பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. இதற்குத்தான் டார்க் ஸ்டியர் என்று பெயர். இன்ஜின் குறுக்காக உட்கார்ந்து, கியர்பாக்ஸ் ஒரு ஓரமாக இருப்பதால், சக்கரத்துக்குப் பலத்தைக் கொண்டுபோகிற இரண்டு டிரைவ் ஷாஃப்டும் ஒரே நீளம் இருக்காது. திடீரென்று பலம் வரும்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வாங்காது. பின் சக்கரம் இழுக்கிற வண்டியில் இது கைக்குத் தெரியாது. இங்கே இழுக்கிற சக்கரமும் திருப்புகிற சக்கரமும் ஒன்றே, அதுவும் மிதிக்கும்போது எடை எல்லாம் பின்னால் சாய்ந்து முன்பக்கம் லேசாகிவிடும். எவ்வளவு பவர் கொடுத்தாலும் தாங்க வேண்டியது அந்த இரண்டு டயர்தான்.

ஞாயிறு சாயங்காலம் கீரனூர் பக்கம் ஒரு தூறல். முதல் தூறல், ரோட்டில் படிந்த தூசி எல்லாம் கூழாகி இருந்தது. நாற்பதில் போய்க்கொண்டிருக்கும்போது பூஸ்ட் வந்து இரண்டு முன் சக்கரமும் அந்த இடத்திலேயே சுற்ற, ஸ்டியரிங் கையில் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. காலை எடுத்ததும் பிடித்துக்கொண்டது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கு மீதித் தூரம் மாட்டு வண்டி மாதிரிதான் ஓட்டினேன்.

எட்டே மாதத்தில் அந்த டர்போவின் சீல் போய் நீலப் புகை வர ஆரம்பித்தது. கராஜில் கேட்டால் “ஆயிலைக் கொஞ்சம் கம்மியா ஊத்துங்க சார்” என்றார்களாம். நல்லெண்ணெய் தீபமா இது?

இதை வைத்து டர்போ என்றாலே மோசம் என்று சொன்னால் அது நியாயம் இல்லை, எனக்கே தெரியும். நல்ல சூப்பர்சார்ஜரையும் தப்பான டர்போவையும் பக்கத்தில் வைத்துத் தீர்ப்பு சொல்வது நாட்டுக்கோழிக் குழம்பையும் ஆறிப்போன பிராய்லரையும் ஒப்பிடுகிற மாதிரி. அதனால் புதுக்கோட்டையில் விற்பனைக்கு வந்திருந்த ஒரு போலோ ஜிடி டிஎஸ்ஐயை, வாங்குகிறவன் மாதிரி போய் ஓட்டிப் பார்த்தேன். 2013-ல் வந்த மாடல், 1.2 லிட்டர், 105 குதிரைத்திறன்தான், ஆனால் 175 நியூட்டன் மீட்டர் டார்க் 1500-லேயே கிடைத்துவிடுகிறது. என் ஸ்விஃப்டைவிடச் சின்ன இன்ஜின்! அளவான டர்போ, நேராக சிலிண்டருக்குள் பெட்ரோல் ஊற்றும் இன்ஜெக்‌ஷன், சறுக்கினால் பிடித்துக்கொள்ள ஈஎஸ்பி, எல்லாம் சேர்ந்து ஒரே ஆள் உட்கார்ந்து யோசித்துச் செய்த மாதிரி இருந்தது. கம்பெனி டர்போ வேறு, கராஜ் டர்போ வேறு என்று அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

மினி கதையும் அதேதான். பிஎம்டபிள்யூ முதலில் விட்ட கூப்பர் எஸ்ஸில் இந்த எம்45, 163 குதிரைத்திறன், 210 நியூட்டன் மீட்டர், அதுவும் 4000-ல். அடுத்த தலைமுறையில் சூப்பர்சார்ஜரைத் தூக்கிவிட்டு அதே 1.6 லிட்டரில் டர்போ, 175 குதிரைத்திறன், 240 நியூட்டன் மீட்டர், 1600-லேயே. காகிதத்தில் டர்போ எல்லாவற்றிலும் ஜெயிக்கிறது. வீணாகப் போகிற புகையை வைத்துச் சுற்றுவதால் மைலேஜும் மிச்சம், புகை விதிகளுக்கும் தோது. ஃபோக்ஸ்வேகன் 2005-ல் கோல்ஃப் ஜிடியில் இரண்டையும் சேர்த்தே மாட்டிப் பார்த்தது, கீழே சூப்பர்சார்ஜர், மேலே டர்போ, 1.4 லிட்டரில் 170 குதிரைத்திறன். அப்புறம் அதையும் விட்டுவிட்டார்கள். நிசான் ஐரோப்பாவில் மைக்ராவின் 1.2 லிட்டரில் சூப்பர்சார்ஜர் வைத்து விற்றது. நம் ஒரகடத்தில் இருந்து மைக்ரா ஐரோப்பாவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது, இங்கே மட்டும் அந்த இன்ஜின் கடைசிவரை விற்பனைக்கு வரவில்லை. வயிற்றெரிச்சல்.

அப்படியானால் கம்பெனிக்காரனே கைவிட்டதை நான் ஏன் பிடித்துத் தொங்குகிறேன்? கம்பெனிக்கு ஆயிரம் இன்ஜினியர், நூறு வண்டி உடைத்துப் பார்க்கக் காசு. எனக்கு ஒரு லேத் பட்டறையும் ஒரு அம்மான் மகனும். டர்போவில் அளவு தப்பினால் வண்டி கெட்டுப்போகிறது, சூப்பர்சார்ஜரில் அளவு தப்பினால் புல்லியை மாற்றலாம். டர்போவுக்கு எண்ணெய் போகவும் வரவும் குழாய் வேண்டும், திரும்பி வருவதற்கு இன்ஜினின் அடி எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் ஓட்டை போட வேண்டும், எக்ஸாஸ்ட்டை வெட்ட வேண்டும். எம்45-க்கு எண்ணெய் அதற்குள்ளேயே இருக்கிறது. அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் கழற்றி, பழைய மேனிஃபோல்டை மாட்டி, வண்டியை ஷோரூமில் இருந்து வந்த மாதிரி ஆக்கிக் காட்டினான்.

இது ஏன் முக்கியம் என்றால் சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கம்பெனி கொடுத்த விவரத்தில் இருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று. ஆகவே நான் ஓட்டிய இரண்டுமே ரோட்டில் ஓட வேண்டிய வண்டிகள் இல்லை. ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் பானெட்டைத் திறந்த உடனே மூடிவிட்டுப் போய்விடுவார். சாலையில் மற்றவனும் இருக்கிறான், தெரிந்தே சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு யாரும் என்னைச் சாட்சிக்கு இழுக்காதீர்கள். என் ஸ்விஃப்டுக்கு 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பித்தாகிவிட்டது, அடுத்தது 2027-ல். அன்றைக்கு ஆர்டிஓ முன்னால் வண்டி பிறந்த மேனியாக நிற்க வேண்டும். சம்ப்பில் ஓட்டை போட்ட வண்டியைப் பிறந்த மேனியாக்க முடியாது.

பெட்ரோல் பற்றியும் ஒரு வார்த்தை, இதை யாரும் சொல்வதில்லை. இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வண்டிகளின் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களை அதற்கு ஏற்றபடி செய்ய ஆரம்பித்ததே 2023 ஏப்ரலில் இருந்துதான், நம் 2007 வண்டி எங்கே போகும். அதைவிடப் பெரிய விஷயம், எத்தனால் கலந்தால் அதே காற்றுக்குப் பெட்ரோல் கூடுதலாக வேண்டும். இ10 வைத்து இசியூவில் பெட்ரோல் அளவுக் கணக்கை, அதாவது மேப்பை, எழுதிய வண்டியில் இ20 ஊற்றினால் முழு பூஸ்டில் நாலு சதவீதம் அளவுக்கு எரிபொருள் குறைந்துவிடும். சாதா வண்டியில் இது பெரிதாகத் தெரியாது. பூஸ்ட் வண்டியில் பிஸ்டன் உருகுவது இந்த மாதிரி சின்னக் குறையில்தான். அம்மான் மகன் மறுபடி லேப்டாப்பை மாட்டி மேப்பை மாற்றினான். நண்பன் அந்த கராஜுக்குப் போன் செய்தான், எடுக்கவில்லை.

இனி என்ன செய்யப் போகிறேன்? புது வண்டி வாங்குகிறவராக இருந்தால், யோசிக்கவே வேண்டாம், கம்பெனியில் இருந்தே டர்போவோடு வருகிற வண்டியை வாங்குங்கள், அதில் கை வைக்காதீர்கள். அடுத்து நான் வாங்குவதும் அதுவாகத்தான் இருக்கும். கையில் இருக்கும் பழைய வண்டிக்குள் ஏதாவது செய்தே தீருவேன் என்று அடம்பிடிக்கிற என்னைப் போன்றவனுக்கு சூப்பர்சார்ஜர், அதுவும் 5 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம், அதுவும் முதலில் நல்ல டயர், புது புஷ், புது பிரேக் பேட் போட்ட பிறகு. டயரும் புஷ்ஷும் மட்டும் போன மாதம் மாற்றினேன், பதினெட்டாயிரம். அதிலேயே வண்டி பாதி புதுசாகிவிட்டது என்பது தனி எரிச்சல். கோவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் மட்டும் ஓட்டுவதற்கு என்று வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனையும் ஓடுகிறது, அதற்கு ஆத்தாவிடம் என்ன காரணம் சொல்வது என்பது பிடிபடவில்லை.

அம்மான் மகன் கிள்ளானில் இன்னொரு எம்45 பார்த்து வைத்திருக்கிறானாம். “அயித்தான், இந்தத் தடவை மைலோவும் சேர்த்துக் கொண்டாறேன்” என்கிறான். அவனுடைய வண்டியின் பழைய மேனிஃபோல்ட் என் வீட்டில்தான் இருக்கிறது, இரண்டாங்கட்டு அறையில், தினமணித் தாளில் சுற்றி, ஆயா காலத்துப் பித்தளை அண்டாவுக்குள். போன வாரம் அண்டாவை விளக்க எடுத்த ஆத்தா அதைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைக்காரர் இதற்கு என்ன விலை கொடுப்பார் என்று கேட்டது.